கடைவாய்ப் பல்லைக் கேளுங்கள்!

டப்!

பல் உடைந்தது.

அதே நொடியில் போன் அலறியது!

தராசு போனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் இழுவை மிஷினின் திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். குறித்துக்கொண்டார். உடைந்த துண்டுகளை இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போட்டார். பிறகுதான் போன்.

"பல் மருத்துவக் கல்லூரி, பல் பொருள் சோதனைக்கூடம்."

"தராசு சாரா?"

"ஆமா."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க தங்கச்சி கேஸ் விஷயமா..."

கையிலிருந்த இடுக்கி நழுவி மேஜையில் விழுந்தது.

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"நல்லா இருக்காங்க. லாக்கப்ல ஒரு மனுஷி எவ்வளவு நல்லா இருக்க முடியுமோ, அவ்வளவு! நான் உங்க கேட்லதான் நிக்கறேன். கையில ஒரு பல்லு இருக்கு."

"யாரோட பல்லு?"

"அதைத்தான் சார், ஊரே கேட்டுக்கிட்டிருக்கு!"

போன் வைக்கப்பட்டது.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வேலை வைத்த பெயர். பல் அடைக்கும் பசைகளைப் பிடுங்கிய பற்களில் ஒட்ட வேண்டும். பிறகு மிஷினில் மாட்டி, உடையும்வரை இழுக்க வேண்டும். எவ்வளவு இழுவையைத் தாங்கியது என்று சொல்ல வேண்டும். இதுதான் வேலை. பசை எந்தக் கம்பெனியுடையது என்பது அவருக்குத் தெரியாது. புட்டியின் மேல் பெயரை மறைத்துத்தான் கொடுப்பார்கள். தெரிந்தால் கை சாய்ந்துவிடும் அல்லவா? கம்பெனிக்காரர்கள் குழைந்து பார்த்தார்கள். கெஞ்சிப் பார்த்தார்கள். மிரட்டியும் பார்த்தார்கள். மனிதர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு நாளும் சாய்ந்ததில்லை.

அவருடைய தங்கை கொலை வழக்கில் உள்ளே இருந்தாள்.

கட்டிய புருஷனைக் கொன்றாள் என்பது வழக்கு. புருஷன் பல் டாக்டர். அவருடைய நாற்காலியில் ஒரு நோயாளி தவறான ஊசியால் செத்துப்போய், அந்த வழக்கு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆள் காணாமல் போனார். சில நாள் கழித்து, மூடிக் கிடந்த காகித மில்லின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பிணம் மிதந்தது!

முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பிணத்தைச் சுற்றியிருந்தது அந்தக் கிளினிக் நாற்காலியின் உறை. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் இருந்த அடைப்பு, டாக்டரின் பழைய எக்ஸ்ரேயோடு அச்சு அசலாகப் பொருந்தியது. புருஷன் அவளை அடிப்பது தெருவுக்கே தெரியும். 'ஒரு நாள் இல்லை ஒரு நாள் உன்னை முடிச்சிடறேன்' என்று அவள் கத்தியதும் தெருவுக்கே தெரியும். போதாதா?

கைதான அன்றிலிருந்து அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

'அது அவர் இல்லை.'

யாரும் நம்பவில்லை.

தராசு? பாதி நம்பினார். மீதிப் பாதிதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். வாய் சிரிக்கும், கண் சிரிக்காத ஆசாமி. பின்னால் ஏட்டு. ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"என்ன ஏட்டையா, பல் வலியா?"

"இல்லை சார்! சும்மா... கன்னத்துல கை வெச்சா யோசனை நல்லா வருது."

"பல் வலிக்காரன் பல் ஆஸ்பத்திரிக்குள்ள வந்தும் ஒப்புக்க மாட்டேங்கறான் பாருங்க!" என்ற இன்ஸ்பெக்டர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தொட்டிப் பிணத்தோட பல்லு. எக்ஸ்ரே பொருந்தின அதே பல்லு."

புட்டித் தண்ணீரில் கடைவாய்ப் பல் ஒன்று சாய்ந்து கிடந்தது. நடுவில் அடைப்பு. அவரைவிதை வடிவம்.

"இதை வெச்சு நான் என்ன பண்ணணும்?"

"கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் சார். இந்த அடைப்பை வெச்சப்போ, பல்லுக்குச் சொந்தக்காரர் உயிரோட இருந்தாரா... இல்லை, செத்திருந்தாரா?"

தராசு சட்டென்று நிமிர்ந்தார்.

பிணத்துக்கு யார் பல் அடைப்பார்கள்? அடைத்திருந்தால் எதற்கு? வேறொருவன் பிணம் என்று காட்டத்தான்! அப்படியானால்...

"கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும்."

"எப்படி? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பல்லைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது தேய்க்கறது மட்டும்தான்."

"உயிருள்ள பல்லு வேர்க்கும் சார்."

"என்னது?"

"பல்லு கல்லு இல்லை. உள்ளே நரம்பு இருக்கு, ரத்தம் ஓடுது. கண்ணுக்குத் தெரியாத துளைங்க வழியா உள்ளேயிருந்து ஈரம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அது மேல பசையைத் தடவினா அரைகுறையாத்தான் பிடிக்கும். அது போதாதுன்னு எச்சில்... நாக்கு... 'வலிக்குது டாக்டர்'னு துள்ளல் வேற! வருஷம் போகப் போக ஒட்டு இன்னும் தளரும்."

"செத்த பல்லு?"

"அது சாது. கசிவு இல்லை, எச்சில் இல்லை. செத்தவன் வாயை மூடவே மாட்டான். நாங்க இங்க மேஜையில ஒட்டற மாதிரி கெட்டியாப் பிடிக்கும். இழுத்தா எண்ணு ஐம்பதுக்கு மேல போகும். உயிருள்ள வாயில அடைச்சது இருபதைத் தொட்டாலே பெரிய விஷயம்."

"ஐம்பதுன்னா பிணம். இருபதுன்னா ஆளு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா இழுத்தா பல்லு மிஞ்சாது."

"பதில் மிஞ்சினா போதும். உடைஞ்ச துண்டுகளை மட்டும் பத்திரமா கொண்டு வந்துருங்க. கோர்ட்டுல காட்டணும்."

தராசு புட்டியைக் கையில் எடுக்கவில்லை.

"சார், நான் அவளோட அண்ணன். இதை வேற யார்கிட்டயாவது..."

"பக்கத்துல எங்கயும் இந்த மிஷின் இல்லைன்னு உங்க புரொபசர் சொல்லிட்டார். அதோட..."

"அதோட?"

"அப்புறம் சொல்றேன். நீங்க பசையோட பேரைத் தெரிஞ்சுக்காமத்தானே இழுப்பீங்க? இதையும் அப்படியே இழுங்க. யாருக்கு எது சாதகம்னு இப்ப நான் சொல்லிட்டா, நீங்க சாய்ஞ்சிடுவீங்க."

"நான் சாய மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சொந்தக்காரங்க விஷயம் வர்ற வரைக்கும்! ஏட்டு இங்கயே இருப்பார். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாங்க."

இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

தராசு ஒரு எண்ணிடம் எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

ஐம்பதுக்கு மேல் போ. தயவுசெய்து போ!

அறுக்கும் தட்டு சுழன்றது. வைரத்தூள் பதித்த மெல்லிய தட்டு. மேலே தண்ணீர் சொட்டியது. பல் முனகியது.

"சார்! அது என்ன சத்தம்? என் வாய்க்குள்ளேயே கேட்குதே!"

"பல்லை அறுக்கறேன் ஏட்டையா."

"ஐயோ, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"

"உங்களுக்கு எந்தப் பல்லு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா காட்டும்பீங்க. காட்டினா அறுக்கறேம்பீங்க. என் பொண்டாட்டி ஏற்கனவே என்னை அறுத்துக்கிட்டுதான் இருக்கா, அது போதும்!"

பல் முதலில் தகடுகளானது. தகடுகள் குச்சிகளாயின. தீக்குச்சியைவிட மெல்லிய குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி பல், மறு பாதி அடைப்பு, நடுவே ஒட்டு. முதல் குச்சியின் இரு முனைகளையும் மிஷினின் இரண்டு தாடைகளில் ஒட்டினார்.

"ஏட்டையா, இதைப் பாருங்க. சாட்சி வேணும்."

"பார்க்கறேன் சார். நீங்க ஆரம்பிங்க."

மிஷின் இழுத்தது. மெதுவாக. நத்தை வேகத்தில். எண் ஏறியது. பதினைந்து... இருபது... முப்பது...

தராசு மூச்சை நிறுத்தினார்.

நாற்பது... ஐம்பது...

டப்!

ஐம்பத்து நாலு!

அடுத்த குச்சி. டப்! ஐம்பத்தொன்று. அதற்கடுத்தது ஐம்பத்தாறு. ஒரு குச்சிகூட ஐம்பதுக்குக் கீழே போகவில்லை!

செத்த பல்!

பிணம் மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை எங்கேயோ உயிரோடு உலவிக்கொண்டிருக்கிறான். தங்கை சொன்னது நிஜம். நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுவாள்!

தராசு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன சார், சிரிக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லை. நீங்க பார்த்தீங்க இல்லை?"

"ஆரம்பிங்கன்னு சொன்னதுமே கண்ணை மூடிட்டேன் சார். இன்னும் திறக்கலை. முடிஞ்சிருச்சா?"

"கிட்டத்தட்ட."

ஒரு வேலைதான் பாக்கி. குச்சி எங்கே உடைந்தது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பார்க்காமலும் இருந்திருக்கலாம். எண்ணே போதும். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? துண்டை வைத்தார். குனிந்தார்.

சிரிப்பு அப்படியே உறைந்தது.

குச்சி ஒட்டில் உடையவில்லை. பல்லில் உடைந்திருந்தது! ஒட்டு அப்படியே முழுசாக நின்றது. மெல்லிய, பிசிறில்லாத கோடு.

பசை தடவுவதற்கு முன்னால் பல்லை அமிலத்தால் கழுவ வேண்டும். கழுவியதும் எல்லா டாக்டரும் காற்றை ஊதிக் காய வைப்பார்கள். அதிகம் காய்ந்தால் பல்லுக்குள் இருக்கும் நுண்ணிய நார்வலை அமுங்கிப்போய் ஒட்டு கெடும். அதனால் இந்தக் கூடத்தில் ஊத மாட்டார்கள். வடிகட்டித் தாளை முக்கோணமாக மடித்து, லேசாக ஒற்றி எடுப்பார்கள். தராசின் முறை அது. அவர் அதைக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒருத்திக்கு. கல்யாணம் ஆகும்வரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்த தங்கைக்கு.

தாளால் ஒற்றும்போது அவள் எப்போதும் ஒரு தப்புச் செய்வாள்.

மைக்ராஸ்கோப்பை மெல்லத் திருகினார். மூலைக் குச்சி. ஒட்டுக்கோட்டின் ஓரத்தில், பசைக்குள் சிக்கிக்கொண்டு... ஒரு காகித இழை!

'மறுபடியும் மூலையில இழையை விட்டுட்டே!'

'ஒரே ஒரு இழைதானே அண்ணா? பல்லு என்ன, அழுதுக்கிட்டா இருக்கு?'

எத்தனை தடவை திட்டியிருப்பார்!

தராசு ஸ்டூலில் உட்கார்ந்தார். 

பிணத்தின் பல்லை அடைத்தது அவருடைய தங்கை.

'அது அவர் இல்லை' என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இப்படித்தான்! யாரோ ஒருவன். கேட்க நாதியற்ற ஒருவன். அவனைக் கொன்று, அவன் வாயில் புருஷனின் அடைப்பை வைத்து, புருஷனைத் தப்பவிட்டு... அடி வாங்கிய பெண் செய்கிற காரியமா இது? திட்டம் போட்டுச் செய்கிற காரியம்!

போன் அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நல்லதா, கெட்டதா?"

"நல்லது மாதிரி வந்துச்சு."

"பூடகமாப் பேசாதீங்க. அவ வெளிய வருவாளா, மாட்டாளா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பேசாம அவளை ஒத்துக்கச் சொல்லுங்க. அந்த ஆளு அவளை அடிச்ச அடிக்குத் தெருவே சாட்சி. நான் போய்ச் சொல்றேன், பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவா. தாங்க முடியாம தள்ளிவிட்டான்னா ஜட்ஜுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும் இல்லை? அதை விட்டுட்டு 'அது அவர் இல்லை, அது அவர் இல்லை'ன்னு... யாரு நம்புவா? நீங்களே நம்பலை."

"வெச்சிடறேன்."

"சாப்பிட்டீங்களா?"

"வெச்சிடறேன்னு சொன்னேன்."

அவள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. பிணம் புருஷனுடையதாகவே இருந்துவிட்டால், அடித்த புருஷனைத் தள்ளிவிட்டவளுக்குக் கொஞ்சமாவது இரக்கம் கிடைக்கும். ஊர் பேர் தெரியாத அப்பாவியைத் திட்டமிட்டுக் கொன்றவளுக்கு? ஆயுசு முழுக்கக் கம்பிதான். ஒருவேளை கயிறே!

அவளுக்கு விஷயம் தெரியாமல் இருந்திருந்தால்? யாராவது ஏமாற்றியிருந்தால்?

ஒரு நிமிஷம் யோசித்தார்.

பிணத்தின் வாயைத் திறந்து பல் அடைக்கிறவளுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாதாம்! யார் நம்புவார்கள்?

எழுந்தார். எண்களைத் திரையிலிருந்து அழித்தார். அழித்ததையும் அழித்தார். குச்சித் துண்டுகள் மொத்தத்தையும் வழித்துத் தொட்டியில் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். பல் சுழன்று சுழன்று சாக்கடைக்குப் போனது.

"என்ன சார் கழுவறீங்க?"

"குப்பை."

"நான் கண்ணைத் திறக்கலாமா?"

"தாராளமா."

தராசு சாய்ந்துவிட்டது. முதல் தடவையாக. முழுசாக.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவருக்காகக் காத்திருந்தார். எதிரே நாற்காலி. மேஜையில் இரண்டு டம்ளர் டீ. ஏதோ நல்ல சேதிக்குத் தயாராக இருப்பவர் மாதிரி முகத்தில் ஒரு வெளிச்சம்.

"உட்காருங்க சார். டீ குடிங்க. எவ்வளவு வந்துச்சு?"

"பதினெட்டு."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எவ்வளவு?"

"பதினெட்டு. ஒட்டு ரொம்பத் தளர்ந்திருந்துச்சு. இழுத்ததும் விட்டுருச்சு. உயிருள்ள வாயில அடைச்ச அடைப்புதான் சார். சந்தேகமே இல்லை."

"பிணத்துல அடைச்சது இல்லை?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? எண்ணு எண்ணுதான்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தர்றேன்."

தந்தார். கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

"ஒரு கேஸ்லயாவது என் மனசு சொன்னது சரியா இருக்கும்னு நினைச்சேன் சார். போச்சு."

"என்ன போச்சு?"

"வாங்க. ஒருத்தரைப் பாருங்க."

பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார்.

பெஞ்சில் ஒரு ஆள். கையில் விலங்கு. மழித்த மீசை. ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"மச்சான்..." என்றது அந்தப் பாதி வாய்.

மாப்பிள்ளை!

 இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

"நேத்துதான் பிடிச்சோம். கேஸைப் பலப்படுத்தலாம்னு பிணத்தோட பல் எக்ஸ்ரேயை ஊர் ஊரா இருக்கற பல் டாக்டருங்களுக்கு அனுப்பியிருந்தேன். உங்க மாப்பிள்ளைக்கு அதே பல்லுல வலி வந்திருச்சு. பொறுக்க முடியாம ஒரு டாக்டர்கிட்ட போயிருக்கார். அவர் உடனே எனக்குப் போன் போட்டார். 'சார், நீங்க அனுப்பின பிணம் என் நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு!'ன்னார்."

"அப்ப... தொட்டியில இருந்தது அவர் இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே..."

"தெரியும். தொட்டியில கிடந்தவன் மில் வாசல்ல படுத்துக்கிடந்த ஒரு நாதியத்தவன். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் வேற." இன்ஸ்பெக்டர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "உங்க மாப்பிள்ளை சொல்றார்: அவன் பல் வலின்னு தானா வந்தான், என் பொண்டாட்டிதான் ஊசி போட்டு மயக்கினா, அவதான் பல்லை அடைச்சா, அடைச்சு முடிச்சிட்டு அவதான் அவன் மூச்சை நிறுத்தினா, நான் பயந்து ஓடிட்டேன்... இது அவர் கதை."

"பொய்!"

"உங்க தங்கச்சி இன்னிக்குக் காலையிலதான் வாயைத் திறந்தாங்க. காலேஜுக்கு வந்த அநாதைப் பிணம், மாணவர்களுக்குக் காட்டணும், இந்த வடிவத்துல ஒரு அடைப்பு வெச்சுக் கொடுன்னு புருஷன் சொன்னாராம். முகத்தைத் துணியால மூடியிருந்துச்சாம். வாய் மட்டும் திறந்திருந்துச்சாம். உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சாம். பிணம்னு நம்பித்தான் அடைச்சேன், சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு பயந்துட்டேன், கொன்னது எனக்குத் தெரியாதுன்னு அழறாங்க."

தராசு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கதையில எது நிஜம்னு சொல்ல உலகத்துல ஒரே ஒரு சாட்சிதான் இருந்துச்சு. அந்தப் பல்லு! செத்த பிறகு அடைச்சிருந்தா உங்க தங்கச்சி ஏமாந்தவங்க. உயிரோட இருக்கும்போது அடைச்சிருந்தா..." கையிலிருந்த தாளைத் தட்டினார். "கொலைகாரி. ஒரு வார்த்தை ஐம்பதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அரசாங்கத் தரப்புச் சாட்சியா மாத்தி வெளிய அனுப்பியிருப்பேன்."

"சார்..."

"'எங்க அண்ணன்கிட்டயே கொடுங்க, அவர் எண்ணுல பொய் சொல்ல மாட்டார்'னு அவங்கதான் கெஞ்சினாங்க. அதைத்தான் அப்புறம் சொல்றேன்னேன்."

உள்ளே எங்கோ கம்பிக் கதவு குலுங்கியது. ஒரு பெண் குரல்.

"ஏட்டையா! எங்க அண்ணன் வந்துட்டாரா? எண்ணைச் சொல்லிட்டாரா?"



"நான் பொய் சொன்னேன் சார்!" தராசு எழுந்துவிட்டார். குரல் கிழிந்தது. "பதினெட்டு இல்லை! ஐம்பத்து நாலு! ஐம்பத்தாறு! செத்த பல்லு சார் அது! ஒட்டு விடவே இல்லை, பல்லுதான் உடைஞ்சுது! அடைச்சது அவ கைதான்னு கண்டுபிடிச்சதும் நான் பயந்துட்டேன்... அவளைக் காப்பாத்தறதா நினைச்சு..."

"தங்கச்சிக்குச் சாதகம்னு தெரிஞ்சதும் எண்ணு மூணு மடங்கு ஏறுது! கோர்ட்டுல இதையே சொல்லுங்க, வக்கீல் விழுந்து விழுந்து சிரிப்பார். சரி, கம்ப்யூட்டர்ல இருக்குமே?"

"அழிச்சிட்டேன்."

"ஏட்டு பார்த்திருப்பாரே!"

வாசலில் நின்ற ஏட்டு கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"சத்தம் மட்டும் கேட்டேங்கய்யா. கண்ணை மூடியிருந்தேன்."

"துண்டுங்க? ஒட்டு விடாம பல்லு உடைஞ்சிருக்குன்னா அதைக் காட்டினாலே போதுமே! துண்டுங்களைக் கொடுங்க சார்!"

தராசு தன் வெறுங்கையைப் பார்த்தார். 

"சாக்கடையில..."

 இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். ஏட்டிடம் கையை நீட்டி இன்னொரு விலங்கை வாங்கினார்.

"அண்ணா! சொல்லிட்டியா அண்ணா?" என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.

தராசு இரண்டு கைகளையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"உங்க தங்கச்சி ஒட்டினது கடைசி வரைக்கும் உடையலை சார்... நீங்க உடைச்சதுதான் இனிமே ஒட்டாது!"